உத்தரவாதச் சீட்டின் முதுகு

அந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்துவிட்டு, ஊரார் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மூக்கைச் சிந்தினால் கேட்பவர்கள் எனக்காக உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அது வேண்டாம். ஏமாற்றியவர்கள் ஏமாற்றினார்கள். அவர்களுக்கு ஆணியும் சுத்தியலும் எடுத்துக் கொடுத்தது நான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். செஞ்சியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை. வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தார். எந்த ஊரில் இருக்கிறார் என்பதுகூடத் தெரியாது. கடிதத்தில் ஊர் பேரை எழுதினால் அதன்மேல் கறுப்பு மை பூசி அனுப்புவார்கள். வீட்டில் நானும் இரண்டு வயது மகளும் மட்டும்.

அவளுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்திருந்தான். ஒன்றரை வயதில், ஒரு சித்திரை மாதத்தில், காலையில் குடித்த பாலைக் கக்கினான். விளக்கு வைப்பதற்குள் போய்விட்டான். வாந்திபேதி. குளத்துத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கொடுத்தீர்களா என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். ஊரே அப்படித்தான் குடிக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் கல்லறைத் தோட்டத்துக்கும் எடுத்துக்கொண்டு போனேன், திரும்பியும் எடுத்து வந்தேன்.

அன்றிலிருந்து காய்ச்சாத தண்ணீர் ஒரு வாய் என் வீட்டில் கிடையாது. காய்ச்சுவது என்றால் இன்றைக்கு மாதிரி ஒரு பொத்தானை அமுக்குவது இல்லை. விறகு மலையடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக வரவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது நனைந்து வரும். பட்டாளத்துக்குப் போனது போக மிஞ்சினதுதான் மண்ணெண்ணெய். நான் மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலை, மூட்டை மூட்டையாக வாங்கி வைத்து, விடியுமுன் எழுந்து கண் எரிய எரிய ஊதுவேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'வெந்நீர் டீச்சர்' என்று பேர். வைத்தவர்கள் பிள்ளைகள் இல்லை, கூட வேலை பார்த்த டீச்சர்கள். வைத்துக்கொள்ளட்டும். மகள் நன்றாக இருந்தாள்.

ஒரு அமாவாசை அன்று தண்ணீர் பில்டர் விற்கிற ஏஜெண்டு ஒருவர் வந்தார். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் நிற்கிற இடத்தில் நெருக்கியடிக்கும். கரியில் ஓடுகிற பஸ் புகை கக்கிக்கொண்டு எப்போது வருமோ, வந்தாலும் எப்போது கிளம்புமோ. காத்துக்கொண்டிருக்கும் கூட்டம் எதையும் வேடிக்கை பார்க்கும். இது தெரிந்துதான் அவர் அங்கே கடை விரித்திருந்தார். நாற்பது வயது இருக்கும். சாயம் போன கறுப்புக் கோட்டு, கழுத்தில் துண்டு. ஒரு முக்காலியின் மேல் பழுப்பு நிறப் பீங்கான் ஜாடி, அடியில் ஒரு சின்னக் குழாய். ஜாடிக்குள் வெள்ளையாக, உள்ளே காலியான உருளை ஒன்று நின்றது. அதற்குக் கேண்டில் என்று பேர். மேலே ஊற்றுகிற தண்ணீர் அதன் சுவரில் கசிந்து உள்ளே இறங்கிக் குழாய் வழியாக வரும்.

செட்டிகுளத்திலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதில் ஒரு பிடி செம்மண்ணையும் போட்டுக் கலக்கி ஜாடிக்குள் ஊற்றினார். ஒரு பாட்டம் பேசி முடித்ததும் குழாயைத் திறந்து கண்ணாடித் தம்ளரில் பிடித்தார். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. கூட்டம் 'ஆ' என்றது. அவரே மடமடவென்று குடித்துக் காட்டினார்.

நான் கிட்டே போனேன்.

"இத காய்ச்ச வேணாமா?"

"இன்னாம்மா கேக்கறீங்க? காய்ச்சறதுக்கு விறகு இருந்தா எங்கிட்ட எதுக்கு வரணும்? இந்தச் செவுத்துல கிருமி பூந்து வர முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை."

"வாந்திபேதிக் கிருமி?"

"எந்தக் கிருமியும்."

"காய்ச்சவே வேணாமா?"

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வேண்டாம் என்றார். அன்று சாயங்காலம் ஜாடியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தபோது பையன் போனதைச் சொன்னேன். அவர் முகம் சட்டென்று வாடிப்போயிற்று. சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்து, "உங்க சாமிக்கு முன்னால சொல்றேன் தாயே, இனிமே இந்த ஊட்ல தண்ணியால ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் வராது" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் வாங்கினேன். வீட்டுக்காரர் அனுப்பிய மணியார்டரைப் பிரித்த கையோடு கொடுத்தேன்.

பிறகுதான் அந்தச் சீட்டை எடுத்தார். கெட்டியான காகிதம். நாலு பக்கமும் தங்க நிறப் பூவேலை, மூலையில் சிவப்பு முத்திரை. மேலே கொட்டை எழுத்தில் இங்கிலீஷ். அதன் கீழே தமிழில் ஒரே ஒரு வரி: 'ஆயுள் முழுவதும் உத்தரவாதம்.'

"யாரு ஆயுசுக்கு?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி.

"உங்க ஆயுசுக்கு, உங்க பொண்ணு ஆயுசுக்கு. எது கெட்டாலும் கம்பெனி புதுசு குடுக்கும். இந்தச் சீட்டு கசங்காம பாத்துக்குங்க, அவ்ளோதான். கண்ணாடி போட்டு மாட்டிட்டீங்கன்னா கவலையே இல்ல."

போகும்போது இன்னொன்றும் சொன்னார். "வாராவாரம் கேண்டில நல்லா தேய்ச்சுக் கழுவுங்கம்மா. அது வெள்ளையா இருக்கற வரைக்கும் நீங்க ராணி."

மறுநாளே படத்துக்குக் கண்ணாடி போடுகிறவரிடம் கொடுத்தேன். சீட்டை ஒரு அட்டையில் பசை தடவி ஒட்டி, முன்னால் கண்ணாடி வைத்து, சுற்றிலும் மரச்சட்டம் போட்டு, பின்னால் பலகை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் மதிப்பான காகிதம் எதுவானாலும் அப்படித்தான். டிரெயினிங் பாஸ் ஆன சர்டிபிகேட், கல்யாணப் பத்திரிகை, பட்டாளத்திலிருந்து வந்த போட்டோ, எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டு ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினால்தான் மரியாதை. சீட்டையும் அங்கேதான் மாட்டினேன். ராத்திரி ஜெபம் சொல்லும்போது என் மகள் அந்தச் சீட்டையும் பார்த்துக் கும்பிடுவாள். நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். என் மதி சுவரில் மாட்டியிருந்தது.

காய்ச்சுவதை விட்டேன்.

அந்தச் சுகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை, அதனால்தான் இத்தனை கோபம். விடியற்காலையில் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கினேன். கண் எரிச்சல் போயிற்று. மல்லாட்டைத் தோல் மூட்டை இருந்த மூலையில் மகளின் மரப்பாச்சிகள் குடிவந்தன. தெருவில் யார் வீட்டிலாவது குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு செம்பு 'பில்டர் தண்ணி' கேட்டு வருவார்கள். நான் பெருமையாகப் பிடித்துக் கொடுப்பேன்.

கேண்டிலைத் தேய்த்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் வேதக்காரத் தெருவில் சனிக்கிழமைப் பிற்பகல் பாத்திரம் தேய்க்கும் நேரம். மறுநாள் பூசைக்குப் போகிற பெண்கள் வழியில் ஒருத்தி வீட்டுக் குடத்தை ஒருத்தி கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவார்கள். குடம் மங்கியிருந்தால் அந்த வீட்டுக்காரி சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணியும் பிரயோசனம் இல்லை. அதற்காகப் பழைய செங்கல்லை இடித்து, துணியில் சலித்து, ஒரு டப்பாவில் வைத்திருப்போம். புளியைத் தொட்டுச் செங்கல் தூளைத் தொட்டுத் தேய்த்தால் பித்தளை பொன்னாகும். 'நல்லா தேய்ங்க' என்று ஒருவர் சொன்னால் எங்களுக்குத் தெரிந்த நல்லா அதுதான்.

கேண்டிலையும் செங்கல் தூளால் தேய்த்தேன். வாராவாரம், ஒரு சனிக்கிழமை தவறாமல். தேய்க்கும்போது கையில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டும். அழுக்கு வருகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். என் கேண்டில் வெள்ளையாக இருந்தது. தெருப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். அத்தனை கர்வம்.

மகளுக்கு நாலரை வயது ஆனபோது காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தேன். நாலாம் நாள் கண்ணைத் திறக்காமல் முனக ஆரம்பித்தாள். டாக்டர் வீட்டுக்கே வந்தார். பையன் போனபோது பார்த்த அதே டாக்டர். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், டைபாய்டு என்றார்.

"தண்ணி காய்ச்சித்தானே குடுக்கறீங்க?"

"பில்டர் தண்ணி சார்." சுவரைக் கை காட்டினேன்.

அவர் சீட்டைப் பார்க்கவில்லை. நேரே ஜாடியிடம் போய் மூடியைத் திறந்து, கேண்டிலைக் கழற்றி எடுத்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு வாளி நிறையத் தண்ணீர் கேட்டார். கேண்டிலைக் கவிழ்த்து அதற்குள் முழுக்கி, வெளியே நின்ற அதன் அடி மூக்கில் வாயை வைத்து மெதுவாக ஊதினார்.

கழுத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்திலிருந்து குமிழி குமிழியாக வந்தது. திரும்ப ஊதினார். அதே இடத்திலிருந்து திரும்ப வந்தது.

"காத்து வர்ற வழியில கிருமி வராதா?" என்றார். "சுவர் தேஞ்சு வெடிச்சிருக்கு. எதால தேய்ச்சீங்க?"

சொன்னேன். அவர் கேண்டிலைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, பார்லிக் கஞ்சி எப்படி வைப்பது என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டைபாய்டுக்கு அப்போது மருந்து ஊசி என்று ஒன்றும் கிடையாது. காய்ச்சல் தானாக இறங்குகிறவரை பிள்ளை தாக்குப்பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். நான் லீவு போட்டுவிட்டு நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலைகளும் பாறைகளும் சுட்டுக்கொண்டிருந்த பங்குனி மாதம். அவள் உடம்பு அதைவிடச் சுட்டது. இரண்டாவதையும் நான்தான் கொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். முதல் பிள்ளையின்போது நான் ஒன்றும் தெரியாதவள். இவள் விஷயத்தில் எல்லாம் தெரிந்தவள், மூன்று வருஷம் கண்ணெரிய ஊதினவள். அப்படிப்பட்டவள் ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாளே.

அந்தக் காகிதத்தின் ஞாபகம் வந்ததும் எழுந்துபோய் அதைச் சுவரிலிருந்து கழற்றினேன். எதிர் வீட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். திண்டிவனம் கோர்ட்டுக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர், இங்கிலீஷ் தெரிந்தவர். அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இதுல கம்பெனி விலாசம் இருக்குது பாருங்க. கேண்டில் வெடிச்சுப்போச்சு, வேற அனுப்புங்கன்னு காயிதம் எழுதணும். ஆயுசு பூரா உத்தரவாதம்னு குடுத்திருக்கான்."

அவர் கண்ணாடி வழியாக முன்பக்கத்தைப் படித்தார். பிறகு சட்டத்தைத் திருப்பி, பலகையைத் தட்டினார்.

"டீச்சர், பின்னாடி இன்னா போட்டிருக்குது?"

"பின்னாடியா? பின்னாடி ஒண்ணும் இல்லியே. அட்டையில ஒட்டியிருக்குது."

"கீழ மூலையில பாருங்க. 'நிபந்தனைகள் மறுபக்கம்'னு பொடி எழுத்துல போட்டிருக்கான். பத்திரம் படிக்கிறவன் மொதல்ல முதுகத்தான் பாப்பான்."

ஆணிகளைப் பிடுங்கி, பலகையை எடுத்து, சீட்டு ஒட்டியிருந்த அட்டையை ஈரத்துணியால் நனைத்து நனைத்து உரித்தோம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆண்டவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தன் முதுகை எனக்குக் காட்டாமல் வைத்திருந்த காகிதம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகளோடு வெளியே வந்தது. பசையில் ஒன்றிரண்டு வரி போயிருந்தது. மிச்சமே போதுமாயிருந்தது.

குமாஸ்தா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். உத்தரவாதம் ஜாடிக்கும் மூடிக்கும்தான். கேண்டிலுக்கும் குழாய்க்கும் இல்லை.

"கேண்டில்தானேண்ணே தண்ணிய வடிகட்டுது? ஜாடி சும்மாதானே நிக்கிது?"

"சும்மா நிக்கிறது கெட்டுப்போவாது டீச்சர். அதனாலதான் அதுக்கு உத்தரவாதம்."

அடுத்ததைப் படித்தார். வாங்கின ஒரு மாதத்துக்குள் சீட்டின் அடிப்பாகத்தைக் கத்தரித்துக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்த அடிப்பாகம் பூவேலையோடு முழுசாக என் முன்னால் இருந்தது. அதைக் கத்தரிக்காமல் அழகாகக் கண்ணாடி போட்டவள் நான். வருஷத்துக்கு ஒரு புதுக் கேண்டில் கம்பெனியிடமே வாங்கி மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் ஜாடிக்குக் கொடுத்த உத்தரவாதமும் போயிற்று. ஜாடி உடைந்தால் வாங்கினவர் தன் செலவில் மதராஸுக்கு அனுப்ப வேண்டும். வழியில் உடைந்தால் கம்பெனி பொறுப்பில்லை.

"ஒடைஞ்ச ஜாடி வழியில ஒடைஞ்சா பொறுப்பு இல்லியாம்" என்று குமாஸ்தா தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேண்டில மெதுவான பிரஷ்ஷால மட்டும் கழுவணும். சாம்பல், மணல், செங்கல் தூள் எதுவும் போடக் கூடாதுன்னு போட்டிருக்கான்."

செங்கல் தூள்! அந்த வார்த்தையை அவர்கள் அச்சடித்து வைத்திருந்தார்கள் பாருங்கள். இந்த ஊர்ப் பெண்கள் எதால் தேய்ப்பார்கள் என்று மதராஸில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எழுதியிருக்கிறான். தெரிந்தவன் அதை எங்கள் பாஷையில் எழுதக் கூடாதா? 'ஆயுள் முழுவதும்' என்பதற்கு மட்டும் அவனிடம் தமிழ் எழுத்து இருந்தது. செங்கல் தூளுக்கு இல்லை.

குமாஸ்தா கடைசி வரிக்கு வந்தார். வந்தவர் நிறுத்திவிட்டு உள்ளே படுத்திருந்த மகளைப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே."

"வேணாம் டீச்சர்."

"சொல்லுங்க."

"தொத்து நோய் காலத்துல, வடிகட்டின தண்ணியக் காய்ச்சிக் குடிக்கறது நல்லதுன்னு போட்டிருக்குது."

எனக்கு அப்போது வந்த ஆத்திரம் ஒரு மனுஷிக்கு வரக்கூடிய ஆத்திரம் இல்லை. ஜாடியைத் தூக்கி முற்றத்தில் போட்டு உடைக்கப் போனேன். குமாஸ்தாதான் குறுக்கே நின்றார். "இப்ப ஒடைச்சா, நீயே ஒடைச்சேன்னு அதுக்கும் ஒரு வரி வெச்சிருப்பான்" என்றார். பிறகு, "கோட்டையில ராஜா காலத்துல தண்ணி வந்த மண்குழாய் இன்னும் பூமிக்குள்ள கெடக்குது. அத பதிச்சவன் யாருக்கும் சீட்டு எழுதிக் குடுக்கல டீச்சர்" என்று சொல்லிவிட்டு, காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் எழுதினார். நான் சொன்னதில் பாதியை அவர் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அவ்வளவையும் எழுதினால் தபாலில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மகள் பிழைத்தாள். நாலாவது வாரம் ஒரு விடியற்காலையில் அவள் நெற்றியைத் தொட்டால் வேர்வை. 'அம்மா, பசிக்குது' என்றாள். நான் அடுப்பின் முன் உட்கார்ந்து, காய்ச்சுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சத்தம் போட்டு அழுதேன். அவள் தலைமயிர் எல்லாம் கொட்டிப்போயிற்று, அது திரும்ப முளைக்கும் என்றார் டாக்டர். முளைத்தது. நடக்க மறந்திருந்தாள், அதுவும் வந்தது. காதில் பூச்சி பாடுகிறது என்று பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டு நின்றுவிட்டது என்றாள். ஒரு நாள் அவள் வலது பக்கம் நின்று சாப்பிடக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போய் மெதுவாகக் கூப்பிட்டேன். அந்தக் காதோரம் விரலைத் தேய்த்தேன். மரப்பாச்சிக்குத் துணி சுற்றிக்கொண்டே இருந்தாள். இடது பக்கம் போய்ப் 'பாப்பா' என்றேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். வலது காது நரம்பு போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னார்.

அடுத்த அமாவாசைக்கு ஏஜெண்டு வந்திருக்கிறார் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். சரித்திரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் சாக்பீஸைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்குப் போய், உரித்த சீட்டையும் துணியில் சுற்றிய கேண்டிலையும் எடுத்துக்கொண்டு, மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். எனக்கு அதில் பஞ்சம் இல்லை.

அதே முக்காலி, அதே கோட்டு. தம்ளரைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சீட்டை அவர் கையில் திணித்தேன்.

"இத படிங்க. முன்பக்கம் வேணாம், பின்பக்கத்த படிங்க. இத்தனை பேரு நிக்கறாங்க, கேக்கட்டும்."

"இன்னா தாயே, இன்னா ஆச்சு? பாப்பாவுக்கு இன்னா?"

"படிங்க!"

அவர் சீட்டைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். நான் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள். படிக்கத் தெரிந்த கண் வரியோடு ஓடும். தெரியாத கண் ஒரே இடத்தில் நிற்கும். அவர் கண் நின்றது. இரண்டு வருஷமாக ஊர் ஊராக அந்தச் சீட்டைக் கொடுத்தவருக்கு அதில் ஒரு இங்கிலீஷ் எழுத்து தெரியவில்லை.

திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்திருந்த குமாஸ்தா கூட்டத்திலிருந்து வந்து சீட்டை வாங்கினார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். செங்கல் தூள் வந்தபோது கூட்டத்தில் ஒரு பெண் 'ஐயோ' என்றாள். கடைசி வரியைச் சொன்னதும் ஏஜெண்டு தம்ளரை முக்காலியில் வைத்தார்.

"நெசமாவா அப்பிடிப் போட்டிருக்குது? காய்ச்சச் சொல்லியா?"

"போட்டிருக்குது" என்றார் குமாஸ்தா.

"காய்ச்ச வேணாம்னு சொல்லுன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க." அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். "எங்க ஊட்லயும் ஒண்ணு இருக்குதும்மா. கம்பெனில குடுத்தாங்க. எனக்கு மூணு புள்ளைங்க."

"அங்க கேண்டில எதால தேய்க்கறாங்க?"

அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் சேர்த்துக்கொண்டு போன வார்த்தை மூட்டையை அவிழ்க்க இடமில்லாமல் போயிற்று. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். பொய் சொன்னவன் மதராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். அவன் பொய்யை நம்பின ஒருத்தனை, நம்பின இன்னொருத்தி நடுத்தெருவில் நிற்க வைத்திருந்தாள்.

"போங்க" என்றேன். "மொதல்ல ஊட்டுக்குப் போயி தண்ணியக் காய்ச்சச் சொல்லுங்க."

ஜாடியைக்கூடச் சரியாகக் கட்டாமல் அடுத்த பஸ்ஸில் ஏறிப்போனார். அதன் பிறகு எந்த அமாவாசைக்கும் அவரைப் பார்க்கவில்லை. அவர் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தெரியாது. கேட்க விலாசமும் இல்லை.

கம்பெனியிலிருந்து பதில் ஆடி மாதம் வந்தது. குமாஸ்தா படித்துச் சொன்னார். தங்கள் கடிதத்தைப் பார்த்ததில் ஜாடி நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிறது, மகிழ்ச்சி. ஆகவே உத்தரவாதப்படி நாங்கள் செய்ய வேண்டியது ஏதுமில்லை. யுத்தத்தினால் கப்பல் வராததால் கேண்டில் கைவசம் இல்லை, வந்ததும் விலைக்குக் கிடைக்கும். எங்கள் பொருளைத் தொடர்ந்து உபயோகித்து மற்றவர்களுக்கும் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். என் மகளைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். அதற்கு ஒரு எழுத்து இல்லை.

மற்றவர்களுக்குச் சொன்னேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொன்னேன். நான் ரிட்டயர் ஆகிறவரை, எந்தக் காகிதத்தையும் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் முட்டி போட வேண்டும் என்று என் வகுப்பில் சட்டம். வீட்டுக்காரர் யுத்தம் முடிந்து வந்து, ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் இருக்கிறதே என்று கேட்டார். அவருக்கும் முதலிலிருந்து சொன்னேன்.

ஜாடியை நான் உடைக்கவில்லை. குழாய் ஓட்டைக்கு மெழுகு அடைத்துப் புளி போட்டு வைத்தேன். இத்தனை வருஷமாகியும் அதில் ஒரு கீறல் இல்லை, மூடியும் விளிம்பு போகவில்லை. கம்பெனிக்காரன் ஜாடிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டான், நாசமாய்ப் போக.

போன வாரம் மகள் வந்திருந்தாள். அவளுக்கே பேரன் எடுத்தாயிற்று. சாம்பாருக்குப் புளி எடுக்க ஜாடியின் முன் குனிந்திருந்தாள். உப்பு போட்டாயிற்றா என்று வலது பக்கத்திலிருந்து கேட்டேன். அவள் திரும்பவில்லை. அறுபது வருஷப் பழக்கம், எனக்கு எப்போதாவது மறந்துவிடுகிறது. எழுந்து சுற்றிக்கொண்டு அவள் இடது பக்கம் போய் நின்று, திரும்பக் கேட்டேன்.